குடல் ஆபரேஷனும் மராத்தானும்: ஓர் உப்புக் கணக்கு

(நம் சபையின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "ஆரோக்கியத்தைப் பத்தி ஏதாவது பேசுங்கோ, அரை மணி நேரம் போரும்" என்றார். நான் டாக்டர் இல்லை. எர்ணாகுளம் மகாராஜாஸ் காலேஜில் ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. பட்டம் வாங்கியவன். பிறகு 36 வருஷம் தணிக்கைத் துறையில் உத்தியோகம். அடுத்தவர் கணக்கில் தப்பு கண்டுபிடிப்பதுதான் தொழில். இன்று சொல்லப் போவது நானே போட்ட ஒரு தப்புக் கணக்கைப் பற்றி. சம்பந்தப்பட்டவன் என் தங்கையின் பிள்ளை, என் மருமான். "பேர் மட்டும் வேண்டாம் மாமா, பாக்கி எல்லாம் சொல்லிக்கோங்கோ" என்று அனுமதி கொடுத்திருக்கிறான். மட்டாஞ்சேரியில் பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

காக்கநாட்டில் இன்ஃபோபார்க்கில் வேலை. காலேஜ் நாளிலிருந்தே ஓட்டக்காரன். 2014-இல் ஸோல்ஸ் ஆஃப் கொச்சின் என்ற ஓட்டக்காரர் குழு ஸ்பைஸ் கோஸ்ட் மராத்தானைத் தொடங்கியபோது ஊரெல்லாம் ஓட ஆரம்பித்ததே, அந்தக் கும்பலில் இவனும் ஒருவன். அரை மராத்தான், அதாவது 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மணி 52 நிமிஷத்தில் ஓடியிருக்கிறான். 31 வயதில் வயிற்றுப்போக்கும் ரத்தமும் வந்தது. மூலம் என்று நினைத்து ஒரு வருஷம் பத்தியம் இருந்தான். பிறகுதான் அல்ஸரேடிவ் கோலைடிஸ், பெருங்குடல் முழுக்கப் புண் என்று தெரிந்தது. மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 2022-இல் பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். அதற்கு இலியாஸ்டமி என்று பெயர். அந்த வாயின்மேல் ஒட்டிய ஒரு பையில் மலம் தானாக வந்து சேரும். சிறுகுடலையே மடித்து உள்ளே ஒரு பை தைக்கும் முறையும் உண்டு. லண்டனில் ஸென்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் பார்க்ஸ், நிக்கோல்ஸ் என்ற இரு சர்ஜன்கள் 1978-இல் அதை வெளியிட்டார்கள். அதற்கு மறுபடி ஆபரேஷன்கள் தேவை. "இப்போ வேண்டாம் மாமா, வெளிப்பையே இருக்கட்டும்" என்று இவன் சொல்லிவிட்டான்.

அந்தப் பையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் அகங்களில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் ஆறு மாதம் அவன் ஒரு கல்யாணத்துக்கும் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் சத்தம் வருமோ, நாற்றம் வருமோ என்ற பயம். ஆவணி அவிட்டத்துக்கு வரலாமா, பூணூல் மாற்றிக்கொள்ளலாமா என்று என் தங்கை தயங்கித் தயங்கி வாத்தியாரைக் கேட்டாள். அவர், "எல்லாருக்கும் உள்ள இருக்கறது அவனுக்கு வெளில இருக்கு, அவ்வளவுதானே? ஸ்நானம் பண்ணிட்டு வரச் சொல்லு" என்றார். அவ்வளவு சுலபமாக அது தீர்ந்தது. வாத்தியார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு மறுபடியும் நன்றி.

ஆபரேஷன் ஆன மறுநாளே அவனை எழுப்பி நடக்க விட்டார்கள். எங்கள் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் பத்து நாள் படுக்கை. 1990-களில் டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலட் என்பவர்தான் சீக்கிரம் சாப்பிட வைத்து, சீக்கிரம் நடக்க வைத்தால் நோயாளி சீக்கிரம் தேறுகிறான் என்று குடல் ஆபரேஷனிலேயே செய்து காட்டினார். முதலில் வார்டு வராந்தாவில் பத்து அடி. பிறகு பாலஸ் ரோடு முனை வரை. ஒரு மாதத்தில் யூதத் தெரு வரை. ஆறு வாரம் வரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. வெட்டுப்பட்ட வயிற்றுச் சுவர் முழுப் பலத்தை என்றைக்குமே திரும்பப் பெறுவதில்லை, அதிகபட்சம் எண்பது சதவிகிதம். அவசரப்பட்டால் பையின் வாயைச் சுற்றிக் குடல் பிதுங்கி ஹெர்னியா வரும். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு நிமிஷம் மெதுவோட்டம், நாலு நிமிஷம் நடை என்று ஆரம்பித்தான்.

அப்போதுதான் என் தங்கை எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நீ சொன்னா அவன் கேப்பான். ஓட வேண்டாம்னு சொல்லு. உசிரோட இருக்கானே, அது போறாதா?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் போனை எடுத்து இரண்டு பேர் படத்தைக் காட்டினான்.

ஒருவர் டாரன் ஃப்ளெச்சர், மான்செஸ்டர் யுனைடெட்டின் நடுக்கள ஆட்டக்காரர். கேரளத்தில் ஃபுட்பால் தெரியாதவர் இல்லை. நடுக்களத்தில் ஆடுபவன் ஒரு ஆட்டத்தில் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் இதே கோலைடிஸ். 2011 டிசம்பரில் ஆட்டத்தை நிறுத்தினார். 2013 ஜனவரியில் ஆபரேஷன். அந்த டிசம்பரிலேயே மைதானத்துக்குத் திரும்பி வந்தார். 2015-இல் வெஸ்ட் பிராம்விச் அணிக்குப் போய் அங்கே காப்டனும் ஆனார். இன்னொருவர் கனடா நாட்டு ராப் ஹில். க்ரோன்ஸ் வியாதியில் பெருங்குடலை இழந்து இதே மாதிரிப் பையோடு இருப்பவர். ஏழு கண்டங்களிலும் உள்ள உயர்ந்த சிகரங்களில் ஏறி, 2010-இல் எவரெஸ்ட்டிலும் நின்றார். "அவா எல்லாம் ஓடறா, ஏறறா. நான் பாலஸ் ரோட்டிலேயே நின்னுண்டிருக்கணுமா மாமா?" என்றான்.

தணிக்கைக்காரனால் இதற்கு ஆட்சேபம் எழுத முடியவில்லை. சர்ஜனிடம் போனோம். அவர் மலையாளத்தில், "ஓடிக்கோட்டே, பக்ஷே உப்பு மறக்கருது" என்றார். ஓடட்டும், ஆனால் உப்பை மறக்கக் கூடாது. வெளியே நிறைய நோயாளிகள் காத்திருந்தார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். நான் அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். "ஓடறதானால் நன்னா தண்ணி குடி. சாதாரணமா குடிக்கறதோட இன்னும் ரெண்டு லிட்டர் சேர்த்துக் குடி" என்று அவனிடம் சொன்னேன். விஞ்ஞானம் படித்த மாமா சொன்னதாயிற்றே, அப்படியே செய்தான்.

2023 ஏப்ரல், மீனம் முடிந்து மேடம் பிறந்திருந்த சமயம். காலை ஐந்தரைக்கே வேர்வை ஆறாது. பஜார் ரோடு வழியாக, சுக்கும் மிளகும் அடுக்கிய கோடவுன்களைத் தாண்டி, கல்வத்தி வரை ஓடியவன் அங்கே பாலத்தருகில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். தான் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்; வாடகையும் வாங்கிக்கொள்ளவில்லை. ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அவனுக்கு 122. இன்னும் இறங்கியிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். ஐ.சி.யு. வாசலில் என் தங்கை என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னது நான் என்று அவளுக்கு அப்போது தெரியாது. மறுநாள் நானே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பழைய பழக்கப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரவு செலவு எழுதினேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

நாம் குடிப்பதும், எச்சில், பித்தம் முதலிய சுரப்புகளும் சேர்ந்து தினம் எட்டு ஒன்பது லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். ஒன்றரை லிட்டர் அளவு பெருங்குடலுக்குப் போகும். அது அதில் உள்ள உப்பையும் நீரையும் பிழிந்து எடுத்துக்கொண்டு நூறு நூற்றைம்பது மில்லி மட்டும் வெளியே விடும். பெருங்குடல் என்றால் கழிவுக் கிடங்கு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது உப்பை மிச்சம் பிடிக்கும் பொக்கிஷ அதிகாரி. அந்த அதிகாரி இல்லாத கஜானாவில் என்ன நடக்கும்? நன்றாகத் தேறிய இலியாஸ்டமியிலும் தினம் 500 முதல் 800 மில்லி வெளியேறும். லிட்டருக்குச் சுமார் 120 மில்லிமோல் சோடியம் என்று வைத்துக்கொண்டால், 800 மில்லியில் ஐந்தரை கிராம் உப்பு போய்விடுகிறது. நமக்கெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதே, அது முழுவதும் அந்தப் பையிலேயே செலவு. இதன்மேல் கொச்சியின் வேர்வை. இரண்டரை மணி நேரம் ஓடினால் மூன்று லிட்டர் வேர்வை சுலபமாகப் போகும். அதில் இன்னும் ஏழு கிராம் உப்பு.

இனி வரவுப் பக்கம். தங்கையின் அகத்துக்காரருக்கு ரத்த அழுத்தம். அதனால் அந்த அகத்தில் பத்து வருஷமாக எல்லோருக்கும் அரை உப்புச் சமையல், ஊறுகாய் கிடையாது. இந்த நிலையில் நான் சொன்ன தண்ணீர் வேறு. சிறுகுடலின் மேல்பகுதியின் சுவர் கொஞ்சம் கசியக்கூடியது. உப்பில்லாத தண்ணீர் அங்கே ஏராளமாக வந்தால் உடம்பிலிருந்து சோடியம் அதற்குள் கசிந்து, பை வழியாக வெளியே போய்விடும். உள்ளே தங்கிய தண்ணீரோ மீதியிருக்கும் உப்பை இன்னும் நீர்க்கச் செய்யும். குடிக்கக் குடிக்க வறட்சி! குடல் முழுசாக இருப்பவர்களுக்கே இது நடக்கிறது. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவிகிதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வெறும் நீர் போன்றவற்றை அளவுக்கு மேல் குடித்து, ஓடும்போது எடை கூடியவர்களிடம் அது அதிகம்.

சரி, உப்பையே கரைத்துக் குடித்தால் போதுமா? போதாது, கூடச் சர்க்கரையும் வேண்டும். 1960-இல் ப்ராக் நகரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் ராபர்ட் க்ரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியல் நிபுணர் இதைச் சொன்னார். குடல் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டு வந்தால்தான் அது திறக்கும். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம். அவை உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். நான் காலேஜில் படித்தபோது எந்தப் பேராசிரியரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஏப்ரல் மாதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதை உயிர் காக்கும் மருந்தாக ஆக்கியதில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1953-இலேயே கல்கத்தாவில் எச். என். சாட்டர்ஜி என்ற டாக்டர் காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரை நீர் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். அப்போது உலகம் கவனிக்கவில்லை. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்தபோது பன்காவ் ஆஸ்பத்திரியில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இருந்தார். தரையெல்லாம் காலரா நோயாளிகள், நரம்பில் ஏற்ற ஸலைன் தீர்ந்துவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று கலந்து டிரம்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையாலேயே புகட்டச் சொன்னார். அப்படிக் கவனிக்கப்பட்ட 3700 பேருக்கு மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் 3.6 சதவிகிதம். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு முப்பது பேர் போயிருப்பார்கள். அவர் 2022 அக்டோபரில் காலமானார். 2023-இல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 2002-இல் திருத்திய அளவுப்படி: லிட்டருக்குக் குளுக்கோஸ் பதின்மூன்றரை கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் க்ளோரைடு 1.5, ஸிட்ரேட் 2.9. என் மருமான் ஓடுவது இந்தப் பொட்டலத்தை நம்பித்தான். காலையில் கிளம்புமுன் அரை லிட்டர், ஓடும்போது இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் 200 மில்லி. "இளநீர் குடிக்கலாமே" என்று இங்கே பலர் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. அவனுக்கு அது பாதித் தண்ணீர்தான். கடையில் அழகான டப்பாவில் வரும் பானங்களோ சர்க்கரைக் கரைசல். அளவுக்கு மிஞ்சிய சர்க்கரை சவ்வூடு பரவலால் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். ஹைதராபாதைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்த மாதிரிப் பானங்களின்மேல் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

நம் பாட்டிமார்கள் கொடுத்த உப்புக் கஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிசி மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுக்கோஸாகப் பிரிகிறது. அதனால் கரைசல் கெட்டியாகாமலே அந்தக் கதவு திறக்கும். அரிசி சேர்த்த ஓ.ஆர்.எஸ். காலராவில் நன்றாகவே வேலை செய்வதாகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நீண்ட ஓட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி அவனுக்கு மட்ட அரிசிக் கஞ்சி, தாராளமாக உப்புப் போட்டு. அவன் தட்டுக்கு மட்டும் தனி உப்பு. ஒரே சமையலில் ஒருவருக்கு உப்பைக் குறைத்து, இன்னொருவருக்குக் கூட்டி என் தங்கை இரண்டு கணக்கு வைத்திருக்கிறாள். ஒரு எச்சரிக்கை: இங்கே ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் அநேகம் பேர் இருக்கிறீர்கள். நான் சொன்னதைக் கேட்டு இன்று ராத்திரி ஊறுகாய் பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள். இது பெருங்குடல் இல்லாதவனின் கணக்கு.

சமையலில் வேறு சங்கடங்களும் உண்டு. முதல் சில மாதம் தேங்காய்த் துருவல், முருங்கைக்காய் நார், கடலை ஒன்றும் ஆகாது; குடல் வாயில் அடைத்துக்கொள்ளும். தேங்காய் இல்லாமல் அவியலும் தோரனும் எப்படிப் பண்ணுவது என்று தங்கை திணறிப் போனாள். வாழைப்பழம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு ஆகியவை போக்கைக் கெட்டியாக்கும். சைவச் சாப்பாட்டில் பி12 வைட்டமின் ஏற்கெனவே குறைச்சல். அதை உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. அந்தப் பகுதியை வெட்டி எடுத்தவர்கள் பி12 ஊசியை மறக்கவே கூடாது. இவனுக்கு அது பிழைத்திருக்கிறது, இருந்தாலும் வருஷா வருஷம் சோதிக்கிறோம்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு ஆறு வாரம் ஓட்டம் நிறுத்தம். மறுபடி ஆரம்பித்தபோது நோட்டுப் புத்தகம் என் கையில். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்போம். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் நஷ்டம். பையில் சேர்வதை அளவு ஜாடியில் அளந்து எழுதினான். முதலில் முகம் சுளித்தான், பிறகு பழகிவிட்டது. மாதம் ஒரு தரம் சிறுநீரில் சோடியம் பார்த்தோம். ரத்தத்தில் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் 20-க்குக் கீழே போனால் உடம்பு உப்புக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். வேர்வையில் பசை விட்டுவிடாமல் இருக்க மேலே ஒரு பெல்ட். கடுமையாக ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் வேகத்தை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினான்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு செய்தி. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோதெரபியும் முடிந்த 889 பேரை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2025 ஜூனில் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மூன்று வருஷம் பயிற்சியாளர் வைத்து உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். எட்டு வருஷத்தில் பயிற்சி செய்தவர்களில் 90 சதவிகிதமும் மற்றவர்களில் 83 சதவிகிதமும் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பயிற்சி மராத்தான் இல்லை. வாரத்தில் மூன்று நாலு நாள் முக்கால் மணி, ஒரு மணி வேக நடை அளவுதான். அதே சமயம், மலத்தில் ரத்தம் வந்தால், ஓட்டக்காரனானாலும் சரி, உட்கார்ந்திருப்பவனானாலும் சரி, மூலம் என்று தானே தீர்மானித்துக்கொண்டு என் மருமானைப் போல ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம்.

2025 தொடக்கத்தில் கொச்சியில் நடந்த அரை மராத்தானில் அவன் ஓடினான். விடியுமுன்பே தங்கையும் நானும் போய் நின்றோம். அவள் கையில் ஒரு ஃப்ளாஸ்க் உப்புக் கஞ்சி. அவன் எங்களைப் பார்க்காமலே தாண்டிப் போய்விட்டான். நடுவில் ஒரு தரம் பையைக் காலி செய்ய நின்றதில் நாலு நிமிஷம் போயிற்று. 2 மணி 11 நிமிஷத்தில் முடித்தான். ஓட்டம் முடிந்ததும் எடை பார்த்தோம், ஒரு கிலோ குறைவு. அன்று மத்தியானம் சோடியம் 138. நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். அவனுக்கு ஒரே கோபம். "முடிச்சதே பெரிசுன்னு எல்லாரும் சொல்றா மாமா. எனக்கு அது வேண்டாம். பழைய டைம் வேணும்" என்றான். பாக்கி 19 நிமிஷத்தில் பைக்கு நாலு நிமிஷம் விட்டுவிட்டால் 15 நிமிஷம்தானே என்று நோட்டில் எழுதிக் காட்டினேன்.

இப்போது முழு மராத்தான், 42 கிலோமீட்டர், என்று பேச்சு நடக்கிறது. உப்புக் கணக்கை நான் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் தங்கை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவள் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறாள்; யாராவது கேட்க வேண்டுமென்றால் காபிக்குப் பிறகு அவளையே கேட்டுக்கொள்ளலாம்.